ஓசூர் நர்சரியில் வாங்கிய கமேலியா

ஓசூரில் தேன்கனிக்கோட்டை சாலைப் பக்கம் உள்ள ஒரு நர்சரியில் கமேலியா என்ற பூச்செடி வாங்கினேன். ஜப்பானிக்கா வகை, இளஞ்சிவப்பு அடுக்குப் பூ, விலை 650 ரூபாய். ரோஜாவுக்குப் பேர்போன ஊரில் இது கிடைப்பதே பெரிய விஷயம்.

செடியின் தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இலை தடித்து, எண்ணெய் தடவியதுபோல் மினுமினுக்கிறது. பையைக் கிழித்தபோது வேர் சுருண்டு கிடக்கவில்லை. வெள்ளை நுனிகள் பளிச்சென்று தெரிந்தன. "ஆழமா வெச்சிடாதீங்க சார், வேர் மேலாகத்தான் ஓடும்" என்று அங்கிருந்த அம்மா சொன்னது அருமையான யோசனை.

ஆனால் பில் போட்டவர், செம்மண்ணில் வைத்து போர்வெல் தண்ணீர் விட்டால் போதும் என்கிறார். அது சரியில்லை. கமேலியா தேயிலையின் இனம். அமில மண் வேண்டும், பி.எச். (அமில-கார அளவு) 5.5 முதல் 6.5 வரை. நம் பக்கம் பல போர்வெல்களில் சுண்ணாம்புத் தண்ணீர்தான். அதையே ஊற்றினால் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இலை மஞ்சளாகும். இரும்புச்சத்து ஏறவில்லை என்று அர்த்தம். நான் மழைநீரைப் பிடித்துவைத்து ஊற்றுகிறேன், இலைமட்கும் நிறையக் கலந்திருக்கிறேன். காலை வெயில் மட்டும் படும் இடம். மொட்டு வைத்தபின் மண் காயவிட்டால் மொட்டு உதிர்ந்துவிடும், கவனம்.

ஓசூர், தளிக்காரர்கள் தாராளமாக வாங்கலாம். தருமபுரி வெயிலுக்கு நான் சொல்லமாட்டேன். அப்புறம், குளிர்காலத்தில் போனால் பூவின் நிறத்தைப் பார்த்தே எடுக்கலாம்.