காட்டுக் கிராப் ஆப்பிள் கன்று: வாங்க நினைப்போருக்கு

கனடாவின் தென் ஒன்டாரியோ மண்ணுக்கு உரிய மரங்களை மட்டும் விதையிலிருந்து வளர்த்து விற்கும் சிறிய நாற்றுப்பண்ணை ஒன்றில் சில ஆண்டுகளுக்கு முன் வாங்கி நட்ட காட்டுக் கிராப் ஆப்பிள் (சிறிய புளிப்புப் பழம் தரும் ஆப்பிள் வகை) கன்று, இந்த வசந்தத்தில் முதல் முறையாகப் பூத்திருக்கிறது. பெரிய தோட்டக் கடைகளில் கிராப் ஆப்பிள் என்று கிடைப்பவை பெரும்பாலும் ஆசிய இனங்களிலிருந்து உருவாக்கிய அலங்காரக் கலப்பினங்கள். இதுவோ மாலஸ் கொரோனாரியா என்னும், கிழக்கு வட அமெரிக்காவின் சொந்த இனம். நாம் உண்ணும் ஆப்பிள், மத்திய ஆசியாவின் தியான் ஷான் மலைகளில் வளரும் மாலஸ் சீவெர்சியை முதன்மை மூதாதையாகக் கொண்டு, ஐரோப்பியக் குடியேறிகளோடு இங்கு வந்தது.

வேலியோரங்களில் தானாக முளைத்து நிற்கும் தோட்ட ஆப்பிளையே பலர் காட்டு மரம் என்று எண்ணிவிடுவதால், என் கன்று உண்மையானதுதானா என்பதைக் கவனமாகப் பார்த்தேன். தோட்ட ஆப்பிளின் இலையின் அடிப்பக்கத்தில் மென்மயிர் படர்ந்திருக்கும். இதன் முதிர்ந்த இலையின் அடிப்பக்கம் ஏறக்குறைய வழவழப்பானது, வேகமாக நீளும் கிளைகளில் இலையோரம் ஆழமாக வெட்டுண்டு காணப்படும். தோட்ட ஆப்பிளின் மகரந்தப்பை மஞ்சள் நிறம், இதனுடையது இளஞ்சிவப்பு. அக்கம்பக்கத்து ஆப்பிள் மரங்கள் பூத்து ஓய்ந்த பிறகே இது மலர்ந்தது. அந்தப் பூவின் மணத்துக்காக மட்டுமே இன்னொரு கன்று வாங்கலாம் என்று தோன்றுகிறது. பழம் மூன்று சென்டிமீட்டர் அளவில், பழுத்தாலும் சிவக்காமல், மெழுகு பூசினாற்போல் பசுமஞ்சளாகவே இருக்கும். கடித்துத் தின்ன முடியாத புளிப்பு, ஆனால் சாற்றை உறையவைக்கும் பெக்டின் மிகுதியாக உள்ளதால் ஜெல்லிக்கு மிகவும் ஏற்றது.

விதை எந்த வட்டாரத்தில் சேகரிக்கப்பட்டது என்பதைச் சீட்டில் எழுதியிருந்தது இந்தப் பண்ணையின் பெரிய சிறப்பு. குரோமோசோம் எண்ணிக்கை வேறுபட்டாலும் இந்தக் காட்டு இனமும் தோட்ட ஆப்பிளும் ஒன்றோடொன்று கலக்கக்கூடியவை என்பதால், விதை எடுத்த மரத்தின் அருகில் ஆப்பிள் தோட்டம் இருந்தால் கலப்பு விதை உருவாக வாய்ப்புண்டு. ஆனால் முள்போன்ற குறுங்கிளைகளைப் பற்றியும் துருநோயைப் பற்றியும் சீட்டில் ஒரு சொல்லும் இல்லை; சிறு குழந்தைகள் விளையாடும் வீட்டுக்கு முள்ளைப் பற்றிக் கட்டாயம் சொல்லியிருக்க வேண்டும். துருநோயை உண்டாக்கும் பூஞ்சை, கிழக்குச் செஞ்சிடார் மரத்திலும் ஆப்பிள் இனங்களிலும் மாறி மாறி வாழ்ந்து, இலைகளில் ஆரஞ்சுப் புள்ளிகளை உண்டாக்கும்.

உண்பதற்குப் பழம் வேண்டுவோர் ஒட்டுக்கன்று வாங்குவதே சரி. தேனீக்களுக்கும் பறவைகளுக்கும் இம்மண்ணின் மரத்தை நடும் எண்ணமுள்ளவர்கள், நல்ல வெயில்படும் இடமும் ஆறேழு மீட்டர் உயரத்துக்கு வளர இடைவெளியும் இருந்தால், விதையின் ஊரைக் கேட்டறிந்து தயங்காமல் வாங்கலாம்.