ஜென்டில் ஜயன்ட் 'ப்ளேயிங் த ஃபூல்': இந்த பேண்டுக்குள்ள நுழைய இதுதான் சரியான வாசல்

ஜென்டில் ஜயன்ட் பத்தி யார் எழுதினாலும் ரெண்டாவது வரியிலயே "ரொம்ப சிக்கலான மியூசிக், மூளைய கசக்கணும்"னு வந்துடுது. எழுபதுகள்ல இருந்த பிரிட்டிஷ் ப்ரோக்ரெசிவ் ராக் (ராக்கோட கிளாசிகல், ஜாஸ் எல்லாம் கலந்து பண்றது) பேண்டுகள்ல இவங்க பேர் கடைசியாத்தான் வரும், வந்தாலும் இந்த முத்திரையோடதான் வரும். அதனாலயே நிறைய பேர் பக்கத்துல போறதே இல்ல. எனக்கு இது உண்மையிலேயே வருத்தமான விஷயம், ஏன்னா இவங்ககிட்ட இருக்குற கலகலப்பு, சூடு, விளையாட்டுத்தனம் எல்லாம் அந்த ஒரு வார்த்தையில காணாமப் போயிடுது. இவங்களோட பதினோரு ஸ்டுடியோ ஆல்பத்தையும் கேட்டாச்சு, ஆனா புதுசா கேக்குறவங்களுக்கு குடுக்க ஒண்ணே ஒண்ணு எடுன்னா நான் ஸ்டுடியோ ஆல்பத்த எடுக்க மாட்டேன். 1977-ல வந்த 'ப்ளேயிங் த ஃபூல்' லைவ் ஆல்பத்ததான் எடுப்பேன்.

ரெண்டு எல்பியா வந்த ரெக்கார்டு இது. 1976 செப்டம்பர், அக்டோபர்ல ஐரோப்பா டூர் போனப்ப டூசல்டார்ஃப், மியூனிக், பாரிஸ், பிரஸ்ஸல்ஸ்ல வாசிச்சதுல இருந்து எடுத்தது. அட்டையில "அஃபிஷியல் லைவ்"னு போட்டிருக்கும், காரணம் அதுக்கு முன்னாடியே இவங்க கச்சேரிய திருட்டுத்தனமா பதிவு பண்ண பூட்லெக் ரெக்கார்டுங்க ஏகப்பட்டது சுத்திட்டு இருந்துச்சு. ஆல்பம் பெருசா விக்காத ஒரு பேண்டோட கச்சேரிய ஜனங்க ஒளிச்சு வச்சு பதிவு பண்றாங்கன்னா மேடையில என்னமோ நடந்திருக்குன்னுதானே அர்த்தம். அந்த என்னமோதான் இந்த ரெக்கார்டுல இருக்கு.

யார் இவங்கன்னு கொஞ்சம் சொல்லிடறேன், இல்லன்னா கேக்குறப்ப பாதி சுவாரஸ்யம் போயிடும். ஃபில், டெரெக், ரே ஷுல்மன்னு மூணு அண்ணன் தம்பிங்க, போர்ட்ஸ்மவுத்துல வளந்தவங்க. அப்பா ஜாஸ் ட்ரம்பெட் வாசிக்கிறவர், வீடு முழுக்க வாத்தியம்தான். அறுபதுகள்ல இந்த மூணு பேரும் சைமன் டுப்ரீ அண்ட் த பிக் சவுண்ட்னு ஒரு பாப் பேண்ட் நடத்தினாங்க, 1967-ல 'கைட்ஸ்'னு ஒரு பாட்டு பிரிட்டன்ல டாப் டென்குள்ள போச்சு. இதுல விஷயம் என்னன்னா அந்தப் பாட்டு அவங்களுக்கே பிடிக்கல. எல்டன் ஜான்னு உலகத்துக்கே தெரியுறதுக்கு முன்னாடி அவர் கொஞ்ச நாள் இந்த பேண்டோட டூர்ல கீபோர்டு வாசிச்சிருக்கார். ஹிட்டு வந்த கையோட அதே மாதிரி இன்னும் நாலு பாட்டு போட்டு காசு பாக்கலாம், ஆனா இவங்க அத மூடிட்டு 1970-ல புதுசா ஜென்டில் ஜயன்ட் ஆரம்பிச்சாங்க. லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்ல கம்போசிஷன் படிச்ச கெர்ரி மின்னியர் கீபோர்டுக்கு வந்தாரு, ப்ளூஸ் பிடிச்ச கேரி கிரீன் கிட்டாருக்கு. ரெண்டாவது ஆல்பத்தோட அட்டையிலயே, பாப் மியூசிக்கோட எல்லைய விரிக்கிறதுதான் எங்க நோக்கம், அதனால யாருக்கும் பிடிக்காமப் போனாலும் பரவால்லன்னு எழுதி வச்சாங்க. எழுதினபடியே பத்து வருஷம் இருந்தும் காட்டினாங்க, கடைசி ரெண்டு மூணு வருஷத்தத் தவிர, அதுக்கு அப்புறம் வரேன்.

இப்ப ரெக்கார்டுக்கு வருவோம். ஆரம்பம் 'ஜஸ்ட் த சேம்', ஒரு வாத்தியம் ஒரு தாளத்துல போகுது, இன்னொண்ணு மேல வேற கணக்குல ஏறுது, ஆனா கால் தானா ஆடுது. இதுதான் இவங்க வித்தை. அங்கிருந்து நிக்காம 'ப்ரோக்ளமேஷன்'குள்ள போயிடுவாங்க, அந்த கீபோர்டு ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வர்ற குட்டி மெட்டு, ஃபங்க் பாட்டு மாதிரி தெறிக்கும். சிக்கலான மியூசிக்னு பயந்தவங்க இந்த பத்து நிமிஷத்த மட்டும் கேட்டுட்டு வந்து பேசட்டும்.

அடுத்து 'ஆன் ரிஃப்ளெக்‌ஷன்'. எனக்கு இந்த ரெக்கார்டோட உயிரே இதுதான், அதனால இங்க கொஞ்சம் நின்னு பேசறேன். 1975-ல வந்த 'ஃப்ரீ ஹேண்ட்' ஆல்பத்துல இது வாத்தியமே இல்லாம நாலு குரல்ல தொடங்கும். ஒருத்தர் ஒரு வரிய ஆரம்பிப்பாரு, அவர் முடிக்குறதுக்குள்ள அடுத்தவர் அதே மெட்ட வேற சுருதியில பிடிப்பாரு, அப்புறம் மூணாவது, நாலாவது, கடைசியில நாலு பேரும் ஆளுக்கொரு வரி பாடிட்டு இருப்பாங்க ஆனா எதுவும் எதோடயும் முட்டாது. ஐரோப்பால பல நூறு வருஷமா இருக்குற ஃபியூக்னு சொல்ற முறை இது, ராக் பேண்டு இத இவ்வளவு சுத்தமா எடுத்துப் பண்ணி நான் வேற எங்கயும் கேட்டதில்ல. ஸ்டுடியோலன்னா குரல ஒண்ணு மேல ஒண்ணா பதிவு பண்ணி அடுக்கிக்கலாம், தப்பாச்சுன்னா திரும்பப் பாடலாம். மேடையில அந்த வசதி கிடையாது. அங்க இவங்க என்ன பண்றாங்கன்னா பாட்டையே தலைகீழா திருப்பிடறாங்க, நடுவுல வர்ற மெதுவான பகுதிய முன்னாடி கொண்டு வந்து வயலின், செல்லோ, உலோகப் பட்டைகள குச்சியால தட்டி வாசிக்கிற வைப்ரஃபோன், அப்புறம் ரெக்கார்டர்னு சொல்ற மரக்குழல், இத மட்டும் வச்சு ஏதோ அரண்மனைக் கச்சேரி மாதிரி மெல்ல வாசிக்கிறாங்க, கூட்டம் மூச்சு விடாம உக்காந்திருக்கு, அதுக்கு அப்புறம்தான் அந்த நாலு குரல் வருது. அப்புறம் டிரம்ஸும் ஆர்கனும் கிட்டாரும் அதே மெட்ட எடுத்துக்கிட்டு பாயும்போது எனக்கு இன்னிக்கும் கையில முடி நிக்குது. ஒரே பாட்ட ரெண்டு தடவ ரெண்டு விதமா கட்டினவங்கள பாத்து உணர்ச்சி இல்லாதவங்கன்னு எப்படி சொல்ல மனசு வருதோ.

'ஆக்டோபஸ்' 1972-ல வந்த ஆல்பம், ரசிகர்கள்ல நிறைய பேருக்கு அதுதான் உச்சம். இங்க அதுல இருந்து துண்டு துண்டா எடுத்து கால் மணி நேரத்துக்கு ஒரு மாலை மாதிரி கோத்திருக்காங்க. நடுவுல எல்லாம் நின்னு ரெண்டு அகௌஸ்டிக் கிட்டார் மட்டும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற இடம் வரும், அந்த இடம் தங்கம். 'நாட்ஸ்' பாட்டும் இதுலதான் எட்டிப் பாக்குது. ஆர்.டி. லெய்ங்னு ஒரு ஸ்காட்லாந்து மனநல டாக்டர் மனுஷங்க தங்களத் தாங்களே எப்படி முடிச்சு போட்டுக்கிறாங்கன்னு எழுதினத வச்சு உண்டான பாட்டு, குரல்களும் அதே மாதிரி ஒருத்தர் விட்ட இடத்துல இன்னொருத்தர் ஒரு சொல்லா, அரைச் சொல்லா எடுத்து எடுத்துப் பின்னும். எனக்கு இருக்குற ஒரு பெரிய குறை இங்கதான். மெட்லிங்கற பேர்ல இதெல்லாம் சுருங்கிப் போச்சு, முழுசா வேணும்னா ஸ்டுடியோ ஆல்பத்துக்குத்தான் போகணும். இன்னொரு குறை, 1971-ல வந்த 'அக்வயரிங் த டேஸ்ட்'ல இருந்து ஒரு பாட்டு கூட எடுக்கல, அவங்க ரொம்ப தைரியமா பண்ணின ஆல்பம் அதுதான்.

'ஃபன்னி வேஸ்' முதல் ஆல்பத்துப் பாட்டு, மென்மையா தொடங்கி மெதுவா கனக்கும், மேடையில கெர்ரி மின்னியரோட வைப்ரஃபோன் சோலோ இதுல சேந்துடுச்சு, ரெண்டு குச்சியோட அந்த ஆள் ஓடுற ஓட்டத்த கேட்டா வாத்தியம் உருகிடுமோன்னு இருக்கும். இதே மாதிரி அமைதியான பாட்ட வாசிச்சிட்டு இருந்தப்பதான் 1972-ல ஹாலிவுட் பவுல்ல, பிளாக் சபாத் கச்சேரிக்கு முன்னாடி வாசிக்கப் போன இடத்துல, கூட்டத்துல யாரோ மேடை மேல வெடிய தூக்கிப் போட்டாங்க. ஃபில் கோவத்துல கூட்டத்தையே திட்ட, அதுக்கப்புறம் ஒரே கூச்சல். ஹெவி ராக் கேக்க வந்தவங்க முன்னாடி இவங்கள நிறுத்தினவங்க யோசிச்சிருக்கணும். 1976-ல ஐரோப்பாவுல அதே பேண்டுக்கு கிடைக்குற கைதட்டல இந்த ரெக்கார்டுல கேக்கும்போது மனசு ஆறுது. இத்தாலி, ஜெர்மனி, அந்தப் பக்கம் கனடாவுல கியூபெக், இங்கெல்லாம் இவங்களுக்கு இருந்த மதிப்பு சொந்த நாட்டுல கடைசி வரைக்கும் கிடைக்கல.

'த ரன்அவே'வும் 'எக்ஸ்பீரியன்ஸும்' 1973-ல வந்த 'இன் எ கிளாஸ் ஹவுஸ்' ஆல்பத்துது. கண்ணாடி உடையுற சத்தத்தையே சுத்தி சுத்தி ஓட விட்டு தாளமாக்கி தொடங்குற பாட்டு 'ரன்அவே'. மூத்தவர் ஃபில், குடும்பம் குழந்தைன்னு இருந்தவர், டூர் வாழ்க்கை முடியலன்னு பேண்ட விட்டுப் போயிட்டார், அண்ணன் இல்லாம தம்பிங்க பண்ணின முதல் ஆல்பம் இது. அமெரிக்காவுல கம்பெனி இது விக்காதுன்னு வெளியிடவே இல்ல, அங்க இருந்த ரசிகர்கள் இம்போர்ட் காப்பி தேடித் தேடி வாங்கினாங்க. டிரம்ஸ் சீட்டும் அதுக்கு முன்னாடியே ரெண்டு தடவ மாறியாச்சு. முதல்ல மார்ட்டின் ஸ்மித், அப்புறம் மால்கம் மார்ட்டிமோர், அவர் பைக் ஆக்சிடென்ட்ல அடிபட, ஜான் வெதர்ஸ் வந்தார். வெதர்ஸ் வந்தது இவங்க செஞ்ச புண்ணியம்னுதான் சொல்வேன், மத்தவங்க எத்தனை பின்னல் போட்டாலும் அவர் கீழ பாறை மாதிரி உக்காந்து கனமா அடிப்பார், இந்த மியூசிக் ஆடுறதுக்கும் தலையாட்டுறதுக்கும் ஏத்ததா இருக்குன்னா அவராலதான். ரேயோட பாஸையும் அவரோட டிரம்ஸையும் மட்டும் காதுல பிடிச்சுக்கிட்டு 'எக்ஸ்பீரியன்ஸ்' ஒரு தடவ கேளுங்க, வேற பாட்டாவே தெரியும்.

'சோ சின்சியர்' அதிகாரம் எப்படி மனுஷன கெடுக்குதுன்னு சொன்ன 1974 ஆல்பம் 'த பவர் அண்ட் த க்ளோரி'ல இருக்குற பாட்டு. மேடையில அது முடியுற இடத்துல அஞ்சு பேரும் ஆளுக்கொரு தாள வாத்தியம் எடுத்துக்கிட்டு அடிக்க ஆரம்பிச்சிடுவாங்க. பாடகர், கிட்டாரிஸ்ட், டிரம்மர்ங்கற பிரிவே இவங்ககிட்ட கிடையாது, வயலின் வாசிச்சவர் அடுத்த நிமிஷம் பாஸ்ல இருப்பார், கீபோர்டுல இருந்தவர் செல்லோவ காலுக்கு நடுவுல வச்சிருப்பார்.

பிரஸ்ஸல்ஸ்ல ஒரு தடவ சாமான் மக்கர் பண்ணிடுச்சு. சரி பண்ற வரைக்கும் கூட்டத்த சும்மா நிக்க வைக்க வேண்டாம்னு ரே வயலின எடுக்க, கேரி கிரீன் கிட்டார்ல சேந்துக்க, பழைய ஜாஸ் பாட்டு 'ஸ்வீட் ஜார்ஜியா பிரவுன்' ஒண்ணு அங்கயே எடுத்து விடறாங்க. ஒரு நிமிஷத்துக்கு கொஞ்சம் மேல இருக்கும் அவ்வளவுதான். அத வெட்டித் தள்ளாம ரெக்கார்டுல அப்படியே வச்சாங்க பாருங்க, அதுக்காகவே இவங்கள பிடிக்கும். அப்பா வாசிச்ச ஜாஸ் இந்த பசங்களுக்குள்ள எவ்வளவு ஊறி இருந்துச்சுன்னு அந்த ஒரு நிமிஷம் காட்டுது.

இந்த ஆல்பம் வந்த நேரமும் முக்கியம். 'ஃப்ரீ ஹேண்ட்' அமெரிக்க சார்ட்ல முதல் ஐம்பதுக்குள்ள போச்சு, அதுதான் அவங்க தொட்ட பெரிய உயரம். 1976-ல 'இன்டர்வியூ', அப்புறம் இந்த லைவ். 1977-ல பங்க்னு வேகமான, முரட்டுத்தனமான, எளிய ராக் வந்து எல்லாத்தையும் புரட்டிப் போட, அதே வருஷம் வந்த 'த மிஸ்ஸிங் பீஸ்'ல பாதி சின்னச் சின்ன நேரடிப் பாட்டு, பாதி பழைய பாணி. ரெண்டாவது பாதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். அடுத்த வருஷம் 'ஜயன்ட் ஃபார் எ டே', சிம்பிளா பண்ணணும்னு நினைச்சு பண்ணினது, மனசு ஒட்டல. அத திரும்பக் கேக்க எனக்கு காரணம் கிடைக்கல. 1980-ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல போய் பண்ணின 'சிவிலியன்' கொஞ்சம் பரவால்ல, நேர்த்தியான ராக் ஆல்பம், ஆனா அட்டைய மறைச்சுட்டா யார் பேண்டுன்னு சொல்ல முடியாது. அந்த வருஷம் ஜூன்ல அதே ஊர்ல ராக்ஸி கிளப்புல கடைசி கச்சேரி. அதுக்கப்புறம் எத்தனையோ பேண்டுங்க திரும்பச் சேந்து டூர் போனாங்க, இவங்க போகல.

பிரிஞ்ச பிறகு டெரெக் ரெக்கார்டு கம்பெனிக்குள்ள போய் பான் ஜோவிங்கற ராக் பேண்ட கண்டுபிடிச்சு ஒப்பந்தம் போட்டவர் ஆனார். ரே ப்ரொட்யூசர் ஆகி த சுகர்க்யூப்ஸ், த சண்டேஸ் மாதிரி பேண்டுங்களோட வேலை பாத்தார். 2023-ல ரே காலமானப்ப நான் போட்டுக் கேட்டது இந்த ரெக்கார்டுல இருக்குற அந்த பிரஸ்ஸல்ஸ் வயலின்தான்.

சவுண்ட் பத்தி கேப்பீங்க. 1976 மேடைப் பதிவுன்னு பாத்தா ஆச்சரியமான சுத்தம், ஒவ்வொரு வாத்தியமும் தனியா தெரியும், குரல்கள் சில இடத்துல மட்டும் கொஞ்சம் பின்னாடி நிக்கும். போன் ஸ்பீக்கர்ல தயவு செஞ்சு கேக்காதீங்க, பாஸ் காணாமப் போனா பாதி உரையாடல் போச்சு. நல்ல ஹெட்ஃபோன் போதும்.

கேட்டு பிடிச்சுப் போச்சுன்னா அடுத்தது 'ஃப்ரீ ஹேண்ட்', அதுல ஸ்டீவன் வில்சன் பண்ணின 2021 ரீமிக்ஸ தேடுங்க, அப்புறம் 'ஆக்டோபஸ்', அப்புறம் 'இன் எ கிளாஸ் ஹவுஸ்'. 2019-ல வந்த 'அன்பரீட் ட்ரெஷர்'ங்கற பெரிய பாக்ஸ் செட்ட இப்பவே தேடிப் போக வேண்டாம், அதுல நிறைய லைவ் கச்சேரி பதிவு இருக்கு, ஒரே பாட்டு ஒரு வருஷத்துக்கும் அடுத்த வருஷத்துக்கும் எப்படி மாறுச்சுன்னு தேடுற அளவுக்கு பித்து பிடிச்ச பிறகு வாங்கினா போதும். லைவா பாக்கணும்னு தோணுச்சுன்னா 'ஜயன்ட் ஆன் த பாக்ஸ்' டிவிடில 1974 ஜெர்மன் டிவி நிகழ்ச்சியும் 1978 பிபிசி கச்சேரியும் இருக்கு. அந்த பிபிசி பதிவுல 'ஆன் ரிஃப்ளெக்‌ஷன்' வர்றப்ப அவங்க முகத்தப் பாருங்க, ஒருத்தர ஒருத்தர் கண்ணால பிடிச்சு வச்சுக்கிட்டு வாசிக்கிறாங்க.