ரெண்டு மைக் போடலாம்னு நம்பி வாங்கின ஆடியோ இன்டர்ஃபேஸ்: நான் ஏமாந்துட்டேன், நீங்க ஏமாறாதீங்க

இன்று காலையில்தான் கடைசிப் பதில் வந்தது. "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, நன்றி." எதுவும் தீரவில்லை. ஏழு மாதம் எடுத்து வைத்த பணம் போனது போனதுதான்.

ஆத்திரத்தோடு எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பாட்டுப் பதிவு செய்ய, கையிலிருக்கும் காசுக்குள் ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக், கிட்டார் ஒலியை லேப்டாப்புக்குள் கொண்டுபோகும் பெட்டி) தேடுகிறவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். எப்படிப் பார்த்து வாங்கணும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. குரல் இன்னும் அப்படியே இருக்கிறது, மூச்சுதான் முன்போல நிற்பதில்லை. அவர் பாட நான் கிட்டார் வாசிக்க, ரெண்டையும் ஒரே நேரத்தில் பதிவு செய்யணும், ஆனால் தனித்தனி டிராக்கில். அப்போதுதான் பிறகு கிட்டாரைத் தொடாமல் குரலை மட்டும் ஏற்றி இறக்கிச் சரிசெய்யலாம். நண்பர் ஒருவர் கொடுத்த கண்டன்சர் மைக் வீட்டில் இருந்தது. அதை லேப்டாப்பில் நேராகச் செருக முடியாது. எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று முனை மைக் கேபிள் வழியாகவே மைக்குக்கு 48 வோல்ட் மின்சாரம், அதாவது பேன்டம் பவர், போக வேண்டும். ஆக எனக்குத் தேவை ரெண்டே விஷயம்: நிஜமான ரெண்டு இன்புட், நிஜமான 48 வோல்ட்.

ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 போலப் பேர் பெற்றவற்றை எல்லாம் பார்த்தேன். பட்ஜெட் எட்டவில்லை. இன்னும் நாலைந்து மாதம் பொறுத்திருக்கலாம். அப்பாவின் மூச்சை நினைத்துதான் பொறுக்கவில்லை. அப்போதுதான் ஒரு பெரிய ஆன்லைன் விற்பனைத் தளத்தில் கேள்விப்படாத பேரில் ஒரு பெட்டி கண்ணில் பட்டது. பாதி விலை. "24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ், ரெண்டு ஸ்டூடியோ ப்ரீஆம்ப், 48 வோல்ட்" என்று படத்தில் கொட்டை எழுத்து. பிட், கிலோஹெர்ட்ஸ் எல்லாம் ஒலியை எவ்வளவு நுணுக்கமாகப் பதிவு செய்யும் என்பதைச் சொல்லும் எண்கள், ப்ரீஆம்ப் என்பது மைக்கின் மெல்லிய ஒலியைப் பெருக்குவது.

எனக்குச் சந்தேகம் வராமல் இல்லை. விற்பவருக்கு மெசேஜ் போட்டேன். ராத்திரி பதினொரு மணி, ரெண்டே நிமிஷத்தில் பதில். "அண்ணா, நானும் பாடுறவன்தான். இதுலதான் வீட்ல ரெக்கார்ட் பண்றேன்." ரெண்டு டிராக்கும் தனியாக வருமா என்று கேட்டேன். "கண்டிப்பா வரும்ணா. வரலைன்னா நானே திருப்பி எடுத்துக்கறேன், நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க." கூடவே, இந்தப் பெட்டியில் எடுத்தது என்று ஒரு ஆடியோவும் அனுப்பினார். ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டேன். ஒரு பெண் குரல், கீழே மெதுவாகக் கிட்டார். வரிகளுக்கு நடுவில் சுத்தமான அமைதி, இரைச்சலே இல்லை. இதுபோல அப்பா குரல் வந்தால் போதும் என்று தோன்றியது. அந்த நிமிஷம்தான் நான் விழுந்த நிமிஷம். ஏழு மாதச் சேமிப்பை அங்கேயே கட்டிவிட்டேன்.

அந்த ஆடியோ எதில் எடுத்தது என்று இன்றுவரை தெரியாது. இந்தப் பெட்டியில் எடுத்ததில்லை, அது மட்டும் நிச்சயம்.

பெட்டி வந்த அன்றே மைக்கைச் செருகி அப்பாவை உட்கார வைத்தேன். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல வந்தது. ஒலியைப் பெருக்கும் கெயினைத் திருகத் திருக, குரலைவிட 'உஸ்ஸ்' என்ற இரைச்சல்தான் ஏறியது. சரி, கிட்டாரையாவது பார்ப்போம் என்று ரெண்டாவது இன்புட்டில் செருகினேன். திரையில் குரலும் கிட்டாரும் ஒரே டிராக்கில் விழுந்தன. ரெண்டாவது டிராக்கில் ஒரு கோடுகூட அசையவில்லை. அப்பா நாலு தடவை பாடினார். அஞ்சாவது தடவை "நாளைக்குப் பாத்துக்கலாம்பா" என்று எழுந்து போய்விட்டார்.

விண்டோஸ் சவுண்ட் செட்டிங்கில் இந்தக் கருவியைத் திறந்து பார்த்தேன். ஃபார்மேட் பட்டியலில் இருந்தது ஒரே வரி: 1 சேனல், 16 பிட், 48000 ஹெர்ட்ஸ். 24 இல்லை, 192 இல்லை, ரெண்டு சேனல் இல்லை.

மறுநாள் பக்கத்து வீட்டில் மல்டிமீட்டர் வாங்கி வந்து, எக்ஸ்எல்ஆர் கேபிளின் ஒரு முனையைப் பெட்டியில் செருகி, மைக்கில் மாட்டும் முனையில் அளந்தேன். மூன்று துளை இருக்கும், பக்கத்திலேயே எண் போட்டிருக்கும். மீட்டரை டிசி 200 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனை 1-இல், சிவப்பு முனை 2-இல். 48 வோல்ட் என்றால் 44-இலிருந்து 52-க்குள் காட்டணும், அதுதான் அளவு. காட்டியது 11.8. மீட்டர் தவறோ என்று முனையை எடுத்து மறுபடி வைத்தேன். 11.8. மூன்றாவது துளையிலும் அதே. யூஎஸ்பி போர்ட் கொடுப்பது 5 வோல்ட்தான். அதை 48-க்கு உயர்த்தத் தனியாக ஒரு சர்க்யூட் வேண்டும். அதை ஒழுங்காக வைக்காமல் சிவப்பு விளக்கை மட்டும் வைத்து, பக்கத்தில் '48' என்று அச்சடித்துவிட்டார்கள். மைக் அரைப்பட்டினியில் கிடந்தது, குரல் எப்படி வரும்?

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் கொதிக்கிறது.

முதல் நாள்: "டிரைவர் போடலையாண்ணா? லிங்க் அனுப்பறேன்." அனுப்பியது 'ஏஎஸ்ஐஓ ஃபார் ஆல்'. அது எந்த சவுண்ட் கார்டுக்கும் போடக்கூடிய பொதுவான இலவச டிரைவர், இந்தப் பெட்டிக்கென்று செய்தது இல்லை. மூன்றாம் நாள்: "மைக்கில பிரச்சனை இருக்கும், வேற மைக் போட்டுப் பாருங்க." மாற்றிப் பார்த்தேன், அதே இரைச்சல். ஐந்தாம் நாள்: "கேபிள மாத்துங்க." மாற்றினேன். ஆறாம் நாள் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் 192000 என்று செட் செய்து, "பாருங்க சார், வேலை செய்யுதே." சாஃப்ட்வேரில் என்ன எண் வேண்டுமானாலும் வைக்கலாம். கருவி கொடுக்கும் 48000-ஐ விண்டோஸே நடுவில் இருந்து மாற்றிக் கொடுத்துவிடும், ஒலியின் தரம் ஒரு துளிகூட உயராது. இதை எழுதி அனுப்பினேன். "டெக்னிக்கல் டீம்கிட்ட கேட்டுச் சொல்றேன், ரெண்டு நாள் டைம் கொடுங்க சார்."

ரிட்டர்ன் காலம் ஏழு நாள். அந்த ரெண்டு நாள் எதற்கு என்று எட்டாம் நாள்தான் புரிந்தது. அண்ணா என்று கூப்பிட்டவர் சார் என்றார், அப்புறம் பதிலே இல்லை.

தளத்தின் கஸ்டமர் கேரில் ஒவ்வொரு தடவையும் வேறு ஆள், ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து கதை. மீட்டர் படம், செட்டிங் படம், அவர் கொடுத்த வாக்கு எல்லாம் அனுப்பினேன். "பொருள் ஆன் ஆகுதா சார்?" ஆகுது. "அப்போ டிஃபெக்ட் இல்லையே சார்." பெட்டியில் போட்டிருப்பது ஒன்று, உள்ளே இருப்பது வேறு என்று எத்தனை விதமாகச் சொல்வது? பிரிக்கும்போது எடுத்த வீடியோ கேட்டார்கள். பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுக்கணும் என்று எனக்கு யார் சொன்னது? பிறகுதான் இன்று காலை அந்த "தீர்க்கப்பட்டது". ஏழு மாதச் சேமிப்பு. ஒவ்வொரு மாதமும் எதையாவது விட்டுக்கொடுத்துச் சேர்த்தது.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. இதை மட்டுமாவது செய்யுங்கள்.

விண்டோஸில் வேலை செய்பவர்கள், தயாரித்தவரின் சொந்தத் தளத்தில் அந்த மாடலுக்கென்று ஏஎஸ்ஐஓ டிரைவர் (ஒலியைத் தாமதமில்லாமல் ரெக்கார்டிங் சாஃப்ட்வேருக்குக் கொண்டுபோவது) இருக்கிறதா என்று காசு கட்டுவதற்கு முன்னே பாருங்கள். தளமே இல்லாத பேர் என்றால் தொடாதீர்கள். 192 என்ற எண்ணுக்கு மயங்காதீர்கள், வீட்டுப் பதிவுக்கு நேர்மையான 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தாராளம். ஒருவருக்கு மட்டும் பதிவு செய்வதென்றால் பேர் தெரிந்த கம்பெனியின் ஒரு மைக் இன்புட் மாடலே போதும். அதுவும் எட்டவில்லையென்றால் தெரிந்தவரிடம் பழையது வாங்குங்கள். நேரில் போய் உங்கள் மைக்கைச் செருகிக் கேட்டுவிட்டு வாங்குங்கள். விற்பவர் அனுப்பும் ஆடியோவை நம்பவே நம்பாதீர்கள்.

வந்த பெட்டியை வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். அன்றைக்கே ஒவ்வொரு இன்புட்டாகச் செருகி, தனித்தனி டிராக்கில் விழுகிறதா பாருங்கள். அன்றைக்கே மீட்டர் வைத்து அளங்கள். ஏதாவது இடித்தால் விற்பவரிடம் சாட்டில் பேசிக்கொண்டு இருக்காதீர்கள், முதலில் ரிட்டர்ன் போடுங்கள். பேச்சை அப்புறம் பார்க்கலாம்.

புதிதாக வாங்கிவிட்டு, நேரம் கிடைக்கும்போது பார்க்கலாம் என்று யாராவது பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தால், இன்றைக்கு ராத்திரியே பிரித்துப் பாருங்கள். ரிட்டர்ன் நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.