கடைசிப் பயணத்துக்கு ரயில்: மாற்றுத்திறனாளிச் சலுகை எந்த அளவு உதவும்?

புற்றுநோய் முற்றிய அம்மா, அறிவுசார் குறைபாடுள்ள வளர்ந்த மகன். போக நினைப்பது ராமேஸ்வரம். காரில் உட்கார்ந்து போவதைவிட ரயிலில் படுத்துப் போவதே அம்மாவின் உடம்புக்கு நல்லது.

மகனுக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் 75 சதவீதம் தள்ளுபடி, இரண்டடுக்கு ஏசியில் 50. துணைக்கு வருபவருக்கும் அதே அளவு உண்டு, ஆனால் ஒருவருக்கு மட்டும். பெரிய குறை இதுதான். நடக்க முடியாத அம்மாவைத் துணையாகக் காட்டினால் மகனைக் கவனிக்க ஆளில்லை. திடமான ஒருவரைக் காட்டினால் அம்மாவுக்கு முழுக் கட்டணம். புற்றுநோய்ச் சலுகையும் இங்கே உதவாது, அது சிகிச்சைக்காகப் போய்வர மட்டும். தயங்காமல் திடமானவரையே காட்டுங்கள்.

அம்மாவின் டிக்கெட் தனி பிஎன்ஆர் (முன்பதிவு எண்) ஆனால் வேறு பெட்டி விழலாம். அம்மாவைக் காணாமல் மகன் பதறுவான். வண்டி ஏறியதும் டிக்கெட் பரிசோதகரிடம் (டிடிஇ) சொல்லி மாற்றிக் கேளுங்கள். சாதாரண பெட்டியின் நடைபாதையில் சக்கர நாற்காலி நுழையாது, தூக்க இருவர் வேண்டும். வண்டி புறப்படும் நிலையத்திலேயே ஏறுங்கள். இடை நிலையங்களில் இரண்டு நிமிடம் போதவே போதாது.

மார்ஃபின் மாத்திரையும் மருத்துவர் கடிதமும் கைப்பையில் இருக்கட்டும், சூட்கேஸுக்குள் போட்டுப் பூட்டாதீர்கள். மகனின் வலிப்பு மாத்திரையும் அதே பையில்தான்.