ஆரல் கடல்: ஒரு நாட்டின் அணையா, ஐந்து நாட்டு உடன்பாடா?

மத்திய ஆசியாவில் வற்றி, வட கடல், தென் கடல் எனப் பிரிந்துபோன ஆரல் கடலை மீட்க இரண்டு வழிகள் முயலப்பட்டன. ஒன்று, கசகஸ்தான் உலக வங்கிக் கடனுதவியோடு 2005-இல் கட்டி முடித்த கோக்-ஆரல் அணை. சிர் தர்யா நதி கொண்டுவந்த நீர் தெற்கே வழிந்தோடாமல் வட கடலிலேயே தங்கியது. ஓராண்டுக்குள் நீர்மட்டம் 42 மீட்டரைத் தொட்டது. உப்பு குறைந்தது, மீன் திரும்பியது.

மற்றது, 1993-இல் ஐந்து மத்திய ஆசிய நாடுகள் அமைத்த ஆரல் நிதியம். கண்ணுக்குத் தெரியும் பலன் குறைவு. 2016-இல் கிர்கிஸ்தான் ஒதுங்கிக்கொண்டது.

அதற்காக அணையே போதும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த அணைக்கு வரும் நீரில் கணிசமான பங்கு கிர்கிஸ்தானின் டோக்டோகுல் நீர்த்தேக்கத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். நதியின் மேற்பகுதியில் உள்ள கிர்கிஸ்தானுக்குக் குளிர்காலத்தில் மின்சாரம் தேவை. கீழே உள்ள உஸ்பெகிஸ்தானிலும் கசகஸ்தானிலும் பருத்திக்கும் நெல்லுக்கும் கோடையில் தண்ணீர் தேவை. இந்த மூன்று நாடுகளும் செய்த 1998 உடன்படிக்கை இந்த முடிச்சைச் சரியாகவே பிடித்தது: கோடையில் நீர் திறந்தால், குளிருக்கு நிலக்கரியும் எரிவாயுவும் கிடைக்கும். அது ஒழுங்காக நிறைவேறாமல் போனதே பெரிய இழப்பு. தென் கடலின் கிழக்குப் பகுதி 2014-இல் முற்றிலும் வறண்டது. தென் கடலுக்கு நீர் கொண்டுவரும் அமு தர்யா நதியிலிருந்து எடுக்கும் பாசனத்தை உஸ்பெகிஸ்தானும் துர்க்மெனிஸ்தானும் சேர்ந்து குறைக்காதவரை அங்கே அணை கட்டித் தேக்க நீரே இராது.