கூகுள் எர்த் புரோ: டெல்டாவில் ஆளில்லா இடம் தேட எவ்வளவு உதவும்?

டெல்டாக்காரருக்குக் கூடாரம் அடித்துத் தங்கும் ஆசை வந்தால் கொல்லிமலைக்கோ பச்சைமலைக்கோ கிளம்பிவிடுவதுதான் வழக்கம். அங்கேயும் காட்டுக்குள் நினைத்தபடி நுழைய முடியாது. 2018 குரங்கணி தீ விபத்துக்குப் பிறகு மலையேற்ற விதிகள் இறுகிவிட்டன. வீட்டிலிருந்து பைக்கில் ஒரு மணி நேரத்துக்குள் நடக்கவும் ஒரு ராத்திரி படுக்கவும் ஒதுக்குப்புறமான இடங்கள் டெல்டாவிலேயே உண்டு. தேடத்தான் வேண்டும். அதற்குச் செயற்கைக்கோள் படம் காட்டும் கூகுள் எர்த் புரோ போதுமா என்பதே இங்கே கேள்வி.

2015 முதல் இது இலவசம். கணினியில் இறக்கிப் போட வேண்டிய பழைய பாணி மென்பொருள், தோற்றமும் அப்படித்தான். காலியாகக் கிடக்கும் இடத்தை இதைப்போல் காட்டும் கருவி வேறில்லை. ஆனால் அது ஏன் காலியாகக் கிடக்கிறது என்பதை இது சொல்லாது. டெல்டாவில் அரை மா நிலம்கூடக் காரணமில்லாமல் சும்மா கிடப்பதில்லை. தண்ணீர் ஏறும் இடமாக இருக்கும், யாருடைய பட்டாவாகவாவது இருக்கும், இல்லையென்றால் வனத்துறையுடையது.

இதன் உயிர்நாடி, மேல்பட்டையில் கடிகாரப் படம் போட்ட பொத்தான். அதை அழுத்தினால் அதே இடத்தின் பழைய படங்கள் தேதி வாரியாக வரும். 2024-ல் இந்த வசதி பிரவுசர் பதிப்புக்கும் வந்துவிட்டது என்றாலும், அளப்பது, குறிப்பது, கோப்பாகச் சேமிப்பது எல்லாம் சேர்த்துப் பார்த்தால் கணினிப் பதிப்புதான் வசதி. ஒரு இடத்துக்குக் குறைந்தது மூன்று படம் பாருங்கள்: மே மாதத்தது ஒன்று, ஆகஸ்டில் ஒன்று, நவம்பர் டிசம்பரில் ஒன்று. மழைக்காலத்தில் மேகம் மறைத்திருக்கும், ஆண்டை மாற்றித் தேடினால் ஒன்றாவது சிக்கும். மூன்றிலும் நிறம் மாறாத திட்டு என்றால் மேடு. ஆகஸ்ட் படத்தில் காணாமல் போனால் அது ஆற்றின் சொத்து. வேதாரண்யம், முத்துப்பேட்டை, பேராவூரணிப் பக்கம் 2018 நவம்பருக்கு முந்தைய படத்தை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. அங்கே நிழல் தரும் தோப்பாகத் தெரிவது கஜா புயலில் சாய்ந்து போயிருக்கலாம்.

அடுத்தது, படத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். பச்சையெல்லாம் காடல்ல. வரிசையாக நட்சத்திரம் நட்டதுபோல் தெரிவது தென்னை. கடலோரத்தில் கரும்பச்சையாக, ஓரம் வெட்டினாற்போல் சதுரமாக இருந்தால் சவுக்கு. நிழல் உண்டு, ஆனால் உதிர்ந்த சருகு கனமாகக் கிடக்கும், அடுப்பு மூட்டவே கூடாது. ஒழுங்கில்லாமல் திட்டுத் திட்டாகப் பரவியிருந்தால் சீமைக்கருவேலம். முள் டயரையே பதம் பார்க்கும், கூடாரத் துணி எந்த மூலைக்கு? கட்டம் கட்டமாக வெளிறித் தெரிபவை உப்பளங்கள். கட்டத்துக்குள் கரும்பச்சைத் தண்ணீரும் சின்னச் சின்ன நுரைப் புள்ளிகளும் இருந்தால் இறால் பண்ணை. சுற்றி ஒரு வீடு இல்லையே என்று அதன் பக்கத்தில் இடம் பிடித்தால், ராத்திரி முழுக்க விளக்கும் மோட்டார் சத்தமும் காவல் நாயும்தான் துணை.

பிப்ரவரி, மார்ச் படங்களில் அறுவடை முடிந்து பழுப்பாகக் கிடக்கும் வயலும் ஏமாற்றும். சம்பா அறுக்கும் முன்பே அதில் உளுந்தோ பயறோ தெளித்திருப்பார்கள். மேலிருந்து பார்த்தால் அறுத்த அரிதாள் மட்டும்தான் தெரியும், காலடியில் முளை இருக்கும். குறுக்கே நடந்தால் வசவு நிச்சயம், வரப்பிலேயே நடக்க வேண்டும். இன்னொன்று: ஊருக்கு அரை கிலோமீட்டர் தள்ளி, ஆற்றங்கரையில், மண்பாதை முடியும் இடத்தில் தன்னந்தனியாக ஒரு தகரக் கொட்டகை தெரிந்தால் அது பெரும்பாலும் சுடுகாடு. அமைதிக்குக் குறைவில்லை என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

பாதையையும் பார்க்க வேண்டும். இணையாக இரண்டு கோடு ஓடினால் டிராக்டரோ லாரியோ போகிறது, ஒற்றைக் கோடு என்றால் கால்நடைப் பாதை அல்லது பைக் தடம். தார்ச் சாலையிலிருந்து பைக் நேரே போய்ச் சேரும் ஆற்றங்கரை எதுவானாலும் உடைந்த பாட்டில் கிடக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ரூலர் கருவியால் கோடு முடியும் இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் அளந்து, அதற்கு அப்பால் தேடினால் தேறும்.

இப்படித் தேடினால் கை கடைசியில் வந்து நிற்பது கொள்ளிடத்தில்தான். திருவையாற்றுக்கு வடக்கே தொடங்கி அணைக்கரை வரை கரைக்கும் நீரோட்டத்துக்கும் நடுவே படுகை நிலம், மூங்கில், நாணல், அகன்ற மணல். நடக்க இதைவிட நல்ல இடம் டெல்டாவில் இல்லை. ஆபத்தும் இங்கேதான் அதிகம், அதில் பாதியைத்தான் படம் காட்டும். மணல் அள்ளிய பள்ளங்கள் மே மாதப் படத்தில் கரும்புள்ளிகளாகத் தெரியும். அவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு, தண்ணீர் இருக்கும் நாளில் அந்தப் பக்கமே இறங்காமல் இருக்க வேண்டும். அணைக்கரையை ஒட்டிய பகுதியில் முதலைகள் உண்டு, அதைப் படம் காட்டாது. மடுவிலிருந்து நன்றாகத் தள்ளி, மேட்டில் படுக்க வேண்டும்.

தண்ணீர் வரவை எந்தப் படமும் சொல்லாது. மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடப்படும், ஆனால் 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-ல் ஜூலை 28 ஆகிவிட்டது. மேட்டூர் 120 அடியைத் தொட்டு உபரி வந்தால் முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்துக்குத் திருப்பிவிடுவார்கள்; உங்கள் தலைக்கு மேல் ஒரு சொட்டு மழை இல்லாத நாளிலும் ஆறு நிறையும். ஆகவே ஆற்றுக்குள் படுக்கும் பேச்சே பிப்ரவரி முதல் மே நடு வரைதான், அதுவும் அன்றைய மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டு.

மென்பொருளின் பெரிய குறை, உயரக் கணக்கு. தஞ்சாவூரே கடல் மட்டத்திலிருந்து சுமார் 60 மீட்டர்தான். அங்கிருந்து கடல் வரை சமதரை. இந்தத் தரையில் எலிவேஷன் புரொஃபைல் (வரைந்த கோட்டின் நெடுக உயரத்தைக் காட்டும் வசதி) காட்டும் ஏற்ற இறக்கம் பல இடங்களில் மர உச்சியின் உயரம், தோப்பெல்லாம் குன்றாகத் தெரியும். ஒரு மீட்டர் வித்தியாசம்தான் நனைவதா காய்வதா என்று முடிவு செய்யும் ஊரில் இது எதற்கும் உதவாது. பழைய படங்களையே நம்புங்கள்.

எல்லைக் கோடும் அப்படித்தான். கோடியக்கரையில் அழகான பச்சையாகத் தெரிவது 1967-ல் அறிவிக்கப்பட்ட சரணாலயம், முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வனத்துறையின் கையில். அனுமதியில்லாமல் கூடாரம் அடித்தால் வழக்குதான். அலையாத்திக்குள் தில்லை மரம் வேறு, பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. மற்ற இடங்களுக்கு அரசின் ‘தமிழ் நிலம்’ இணைய வரைபடத்தில் புல எண் (சர்வே எண்) எடுத்து, அரசின் இ-சேவைத் தளத்தில் அ-பதிவேட்டைப் பாருங்கள். பட்டா நிலமா, ஆற்றுப் புறம்போக்கா என்று அதில் தெரியும்.

குறித்த இடங்களைக் கேஎம்இசட் கோப்பாகச் சேமித்து, கைபேசியில் ஆர்கானிக் மேப்ஸ் செயலியில் திறந்தால் சிக்னல் இல்லாமலும் வழி காட்டும். கூகுள் மேப்ஸில் ஆஃப்லைனாக இறக்கினால் செயற்கைக்கோள் படம் வராது, அதனால் முக்கியமான திருப்பங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன், பகலிலேயே ஒரு முறை போய்ப் படுகையில் மோட்டார் கொட்டகை வைத்திருப்பவரிடம் சொல்லிவிட்டு வர வேண்டும். உள்ளூர்க் காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை. நள்ளிரவில் ஆற்று மணலில் டார்ச் வெளிச்சம் அசைந்தால், மணல் திருட்டு என்றுதான் முதலில் நினைப்பார்கள்.