ஜிசிசி ப்ரீபிராசசரின் # குறி: பிடித்ததும் பிடிக்காததும்

கருவிக்குள் இருந்து அதை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் எழுதுவது என் வேலை. போர்டு பூட் ஆனதும் சீரியல் போர்ட்டில் வெர்ஷன் எண் வந்தாக வேண்டும். அதற்காக, ஓடும்போது ஸ்ட்ரிங்கை (எழுத்துத்தொடரை) உருவாக்கும் ஸ்பிரின்ட்எஃப்பை இழுத்துவர மனமில்லை. கம்பைல் ஆகும்போதே ஸ்ட்ரிங் தயாராகிவிட வேண்டும். இதற்கு நான் நம்புவது, ஜிசிசி என்ற சி கம்பைலரில் கம்பைலுக்கு முன் மேக்ரோக்களை (நிரல் துண்டுக்கு வைக்கும் பெயர்களை) மாற்றிவைக்கும் ப்ரீபிராசசரின் # குறியை. மேக்ரோவுக்குக் கொடுப்பதை அது ஸ்ட்ரிங்காக ஆக்கிவிடும்.

பலருக்கும் இதன்மேல் ஒரு கோபம் உண்டு. வெர்ஷனின் முதல் எண்ணுக்கான மேஜர் என்ற மேக்ரோவின் மதிப்பு 4 என்று வைத்துக்கொள்வோம். நேராக # போட்டால் 4 வராது, மேஜர் என்ற பெயர்தான் ஸ்ட்ரிங்காக வரும். # ஒட்டிய ஆர்குமென்ட்டை (மேக்ரோவுக்குக் கொடுத்ததை) விரிக்கக் கூடாது, அதாவது மதிப்பாக மாற்றக் கூடாது என்பது சி மொழியின் 1989 ஆன்சி தரத்திலிருந்தே உள்ள விதி. மதிப்பு வேண்டுமானால் இரண்டு மேக்ரோ எழுத வேண்டும்: வெளியே இருப்பது ஆர்குமென்ட்டை விரித்து அனுப்பும், உள்ளே இருப்பது # போடும். லினக்ஸ் கெர்னலின் ஸ்ட்ரிங்கிஃபை ஹெட்டர் ஃபைலும் இதைத்தான் செய்கிறது.

எனக்கு இந்த விதி பிடிக்கும். நிபந்தனையைச் சோதிக்கும் அசெர்ட் மேக்ரோ தோற்றால் நாம் எழுதிய நிபந்தனை எழுதியபடியே திரையில் வருவது இதனால்தான். விரித்துவிட்டுக் காட்டினால் நல் (NULL, எதையும் சுட்டாத பாயிண்டர்) இருந்த இடத்தில் வாய்ட் பாயிண்டர் காஸ்ட் வந்து நிற்கும், யாருக்குப் புரியும்? உள்ளே இருக்கும் மேற்கோள் குறிகளுக்கு பேக்ஸ்லாஷ் சேர்ப்பதையும் அதுவே பார்த்துக்கொள்கிறது. பக்கத்துப் பக்கத்து ஸ்ட்ரிங்குகளைக் கம்பைலர் ஒட்டிவிடுவதால் மேஜர், புள்ளி, மைனர் எல்லாம் ஒரே ஸ்ட்ரிங் ஆகிவிடும்.

பிடிக்காதது அதன் மௌனம். மேக்ரோ பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும், ஹெட்டரைச் சேர்க்க மறந்தாலும் எச்சரிக்கையே வராது. அந்தப் பெயரே ஸ்ட்ரிங்காகி வெளியே போய்விடும். லினக்ஸ் கணினிகளில் ஜிசிசியின் குனு மோடில் (தரத்தோடு கூடுதல் வசதிகளும் சேர்ந்த முறையில்) லினக்ஸ் என்ற சிறிய எழுத்துச் சொல்லே 1 என்று டிஃபைன் ஆகியிருக்கும். அந்தச் சொல் உள்ள ஃபைல் பாதையை இரட்டை மேக்ரோவில் கொடுத்தால் அந்த இடத்தில் 1 உட்கார்ந்திருக்கும். சி11 மாதிரி தரத்தைக் கறாராகக் கேட்டுக் கம்பைல் செய்தால் இந்தத் தொல்லை இல்லை.

கணக்கும் போடாது: 2*10 கொடுத்தால் 2*10 தான், 20 அல்ல. எனம் (enum, எண்களுக்குப் பெயர் வைக்கும் சி வசதி) மதிப்புகளும் கிடைக்காது, அவை ப்ரீபிராசசருக்குத் தெரியவே தெரியாது.

சந்தேகம் வந்தால் -E ஆப்ஷன் போட்டு, மேக்ரோக்கள் விரிந்த நிரலைப் பாருங்கள். இவ்வளவுக்காக பூஸ்ட் என்ற சி++ நூலகத்தைச் சேர்க்க வேண்டாம். சி++ திட்டத்தில் அது ஏற்கெனவே இருந்தால் சரி, அதிலுள்ள மேக்ரோவையே பயன்படுத்தலாம்.